முதலமடையில் பார்த்த நாய்

கோவிந்தாபுரம்,
மாசி மாதம், 1959.

என் அருமை மகன் சென்னிமலைக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ஜாம்ஷெட்பூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் எங்களுக்கு அதுவே போதும். ஐப்பசியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், கோபத்தில் எழுதாமல் இருந்தாள் அம்மா என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக நடந்துவிட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதனால் நடுவில் பதறாமல் கடைசிவரைக்கும் படி. ஆனைக்கரையில் உன் அக்கா கருப்பாத்தாளுக்கு இது ஏழாம் மாதம், மாப்பிள்ளை வேலை பார்க்கிற ஏலத்தோட்டத்தில் காய் நன்றாக இறங்கியிருக்கிறதாம், பங்குனி பிறந்ததும் அவளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். நம் தோட்டத்தில் கடலை சுமார்தான், சோளம் மோசமில்லை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். சாமி இருக்கிறது என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை, ஆதாரம் இல்லாத எதையும் நான் நம்புவதில்லை, இனிமேல் கருப்பராயன் பூசைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் அப்பா அதைப் படித்தார், மடித்து வைத்தார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் உன் பேர் அவர் வாயில் வரவே இல்லை. ஊரில் யாராவது பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தால் "அவிங்கம்மாளைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். எனக்கு என்னவோ கோபம் வரவில்லை. எதையும் நம்புவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எதையுமா என்று நினைத்தேன். களை எடுக்கும்போதும் தயிர் கடையும்போதும் அதுவேதான் மனசில் ஓடியது. இதைப் போய்க் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், என் தம்பி ஆறுமுகசாமி ஒருத்தன்தான். உன் மாமன் கோயமுத்தூர் மில்லில் வேலை பார்த்தபோதே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டவன், இங்கே வந்து சைக்கிள் கடை வைத்த பிறகு ஆயுத பூசைக்குக்கூட அந்தக் கடையில் ஒரு பொட்டு வைத்தவனில்லை. உன் கடிதத்தைச் சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "நெம்பச் சரியா எழுதியிருக்கறானுங்க்கா. ஆதாரமில்லாம ஒண்ணை நம்பறது கண்ணைக் கட்டிட்டுக் கெணத்து மேட்டுல நடக்கற மாதிரி" என்றான். எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மனசில்லை.

அந்த வாரமே சந்தையன்று ஒரு நாய் வந்தது. மாமன் கடையை ஒட்டி ஹக்கீம் ராவுத்தரின் மளிகைக் கடை இருப்பது உனக்குத் தெரியும். அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர், இவன் ஒரு வேளையும் கும்பிடாதவன், இரண்டு பேரும் பொழுதுக்கும் சாமி உண்டா இல்லையா என்று தர்க்கம் பண்ணிக்கொண்டே ஒரு டீயை இரண்டாகப் பங்கு போட்டுக் குடிப்பார்கள். அன்றைக்கு மாமன் குனிந்து ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தானாம். பழுப்பு நாய் ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து பின்னாலிருந்து வந்து அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. ராவுத்தர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்ட வந்தார், அவர் புறங்கையில் ஒரு கடி. சத்தம் போட்டுச் சனங்கள் ஓடி வருவதற்குள் நாய் காட்டுப் பக்கமாக ஓடிவிட்டது. மாமன் தன் காலையும் அவர் கையையும் பைப்படியில் வைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கிளம்புங்கள் ஆஸ்பத்திரிக்கு என்றான். ராவுத்தர் கேட்கவில்லை. நாய் கடித்ததற்கெல்லாம் பாலக்காடு போனால் கடையை யார் பார்ப்பது, அல்லா விதித்த நாள்வரைக்கும் இருப்போம் என்றார். "அந்த நாளு எதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா ராவுத்தரே? தெரியாதில்ல? அப்பக் கெளம்புங்க" என்று சொல்லி அவர் கடைப் பலகையை இவனே எடுத்து மாட்டிவிட்டான்.

முதலமடை ஸ்டேஷனில் ரயிலேறிப் போனார்கள். அங்கே ஒரு மலையாளத்து டாக்டரம்மா. நாய் எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்டாராம். வெறிநாயைப் பேப்பட்டி என்பார்கள் அவர்கள், அது பேப்பட்டியா சும்மா நாயா என்பது தெரிய வேண்டும், கடித்த நாய் பத்து நாளைக்குப் பிறகும் நன்றாக நடமாடினால் பயமில்லை, ஊசியை நிறுத்திவிடலாம், நாய் கிடைக்கவில்லை என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் ஒளிக்காமல் சொன்னார். அந்த மருந்து அபூர்வமாக யாராவது ஒருவருக்குக் கைகாலை இழுத்துவிடுமாம், ஆனால் நோய் வந்துவிட்டால் பிழைத்தவர்களே கிடையாதாம். ராவுத்தருக்கு அந்தக் கைகால் விஷயம் மனசில் தங்கிவிட்டது. தர்காவில் மந்திரித்த கயிறு ஒன்றை அவர் சம்சாரம் ரஹீமா அவர் கையில் கட்டி அனுப்பினாள். தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் ரயிலேறுவதும் சாயந்திரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவதுமாக இருந்தார்கள்.

பாதி ஊசி முடிந்திருக்கும், குன்னூரிலிருந்து வர வேண்டிய மருந்து மழையால் மலைப்பாதை அடைபட்டு வந்து சேரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ராவுத்தருக்குப் போட்டது போக ஒரு ஆளுக்கு வேண்டிய மருந்துதான் பாக்கி. அடுத்த முறை மாமனுடையது. அவனுக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கி வந்த மலசர் பெண் ஒருத்தி கையில் கடியோடு நின்றிருக்கிறாள், அவளுக்கும் அதே கணக்கில் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. மாமன் பேரைக் கூப்பிட்டதும் இவன் அவளை முன்னே போகச் சொல்லிவிட்டான். நாளைக்கு மருந்து வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, உமக்கும் ஊசி தப்பக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்திருக்கிறார். சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டானாம். மருந்து அடுத்த நாளும் வரவில்லை, அதற்கு மறுநாள்தான் வந்தது. ராவுத்தர் வந்து சொல்லித்தான் எனக்கு இது தெரியும். எனக்குப் பொறுக்கவில்லை, கூடப் பிறந்தவள் இல்லையா. அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, அவ உனக்கு என்ன உறவு? பேராவது தெரியுமா? உன் உசுரும் அவ உசுரும் ஒண்ணுங்கறதுக்கு உன்கிட்ட என்னடா ஆதாரம்?" என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் கேட்டதுதான். ஆனால் வாயை விட்டு வந்த பிறகு எனக்கே அது நல்ல கேள்வியாகப் பட்டது. அவன் முகம் சிவந்துபோய், "அதுக்கெல்லாம் ஆதாரம் கேக்கக் கூடாதுங்க்கா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருப்பராயனுக்கு ஏன் கறுப்புச் சேவல்தான் வேண்டும் என்று கேட்டால் நம் பூசாரியும் இதையேதான் சொல்லுவான், இதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அதைச் சொன்னேன். மாமன் சிரிக்கவில்லை. காப்பியைக்கூடத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் நொந்துகொண்டு போனது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேள்வி போகவில்லை.

கடி பட்டுப் பத்து நாளும் தாண்டி, இன்னும் நாலைந்து ஊசி பாக்கி இருக்கும்போது இன்னொரு சங்கதி. முதலமடை ஸ்டேஷனில் டீக்கடைப் பக்கத்தில் ஒரு பழுப்பு நாய், இடது காது கிழிந்தது, யாரோ போட்ட பன்னைத் தின்றுகொண்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. ராவுத்தர் அதைப் பார்த்ததும் மாமன் தோளைப் பிடித்துக் குலுக்கி, "அதா பாரு ஆறுமுகம், நம்ம நாய். அந்தக் காதைப் பாரு. உசுரோட இருக்குது, தெம்பா இருக்குது" என்று சொல்லிக் கண்ணில் தண்ணீர் விட்டாராம். வயிறெல்லாம் வீங்கி, இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு அவருக்கு. மாமன் அந்த நாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். டீக்கடைக்காரரைக் கேட்டான், நாயை எல்லாம் யார் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மாமன் எழுந்து, எனக்குத் தெரியவில்லை என்றான். என்னைப் பின்னாலிருந்து கடித்தது, காதை நான் பார்க்கவே இல்லை, பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்றான். நான் பார்த்தேனே, என் பேச்சில் நம்பிக்கை இல்லையா, நான் பொய் சொல்லுகிற ஆளா என்று ராவுத்தருக்கு வருத்தம். "உங்களை நம்பறனுங்க ராவுத்தரே. உங்க கண்ணைத்தான் நம்ப முடியலை. கடிச்ச நாயை எத்தனை நேரம் பாத்திருப்பீங்க, கண் மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போச்சு" என்று இவன் சொல்ல, ராவுத்தர் பிடிவாதமாக, இந்த நாய்தான், டாக்டரம்மா சொன்னபடி நிறுத்திவிடலாம், கைகாலையும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நின்றிருக்கிறார். ரயில் வந்துவிட்டது. "உங்களுக்கு நிச்சயம்னா நில்லுங்க. எனக்கு நிச்சயமில்லை, நான் போறனுங்க" என்று சொல்லி மாமன் ஏறிக்கொண்டான். வண்டி நகர்ந்த பிறகு ராவுத்தர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்து தொற்றி ஏறியிருக்கிறார். ஏன் ஏறினீர்கள் என்று கேட்டதற்கு, "நீ ஒருத்தனாப் போயி வயித்துல குத்திக்கிட்டு வருவே, நான் இங்க உக்காந்து அதைப் பாத்துட்டு இருக்கணுமா? ஆனா நாய் அதுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை" என்றாராம். பாலக்காடு போய்ச் சேருகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாராம். ஊசி முழுவதும் முடிகிற வரைக்கும் தினமும் அந்த நாயைப் பார்த்து, நல்லாத்தானே இருக்குது என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினாராம்.

இதைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. சாமியை நம்புகிறவர் கண்ணால் பார்த்ததைக் காட்டி நிறுத்தலாம் என்கிறார். ஆதாரம் ஆதாரம் என்கிறவன் கண்ணெதிரே நாயை வைத்துக்கொண்டு ஊசிக்குப் போகிறான். இதில் யார் ஆதாரத்துக்காரன், யார் நம்பிக்கைக்காரன்? மாமனிடமே கேட்டேன், நாய்க்கு வெறி என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம், எதை நம்பிப் போனாய் என்று. "நான் வெறிநாய்னு நம்பலீங்க்கா. சும்மா நாய்னும் நம்பலை. தெரியலைன்னுதான் சொன்னேன். தெரியாதப்ப எந்தப் பக்கம் சாஞ்சா உசுரு மிஞ்சுமோ அந்தப் பக்கம் சாஞ்சேன்" என்றான். அப்படியானால் தெரியவில்லை என்று சொல்வதும் ஒரு நிலைதானே என்று எனக்குப் பட்டது. நம் வீட்டில் அந்த வார்த்தையை நாம் அதிகம் சொல்லிக் கேட்டதில்லை. உன் அப்பா சொல்லமாட்டார், நீயும் உன் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.

மார்கழி போனது, பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தோம். நீ போன தடவை வந்தபோது பிறந்ததே செவலைக் கன்று, அது தீனி எடுக்காமல் நின்றது. வாயிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது, தண்ணீர் குடிக்கப் பார்க்கும், இறங்காது. தொண்டையில் சோளக்கட்டை ஏதோ சிக்கியிருக்கிறது என்று உன் அப்பா அதன் வாயைப் பிளந்து முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை. கையெல்லாம் பல் கீறி எச்சில் ஒழுகியது. மறுநாள் கன்று குரல் மாறிக் கத்திக்கொண்டு கட்டுத்தரையில் முட்டி மோத ஆரம்பித்தது. கொல்லங்கோட்டிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார், கிட்டே போகாமல் தள்ளி நின்றே பார்த்துவிட்டு, இதை நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சந்தையன்று அந்தப் பழுப்பு நாய் தப்பி ஓடியது நம் தோட்டத்து வழியாகத்தான், நானே அதைக் குச்சியெடுத்து விரட்டினேன், அன்றைக்குச் சாயந்திரம் கன்றின் மூக்கில் கீறல் இருந்தது, வேலி முள் கீறிவிட்டது என்று உன் அப்பா மஞ்சள் பூசினார். கன்று மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. உன் அப்பாதான் குழி வெட்டினார். யாரையும் தொட விடவில்லை. அப்படியானால் முதலமடையில் பன் தின்றுகொண்டு நின்றது வேறு நாய் கண்ணு, நம் நாய் எங்கே போய் விழுந்து செத்ததோ தெரியாது.

மாமன் ஓடிவந்து உன் அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போதே கிளம்ப வேண்டும் மச்சான் என்றான். உன் அப்பா அசையவில்லை. "கருப்பராயன் இருக்கறான். எனக்கு ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று கட்டிலில் சாய்ந்துகொண்டார். கன்று போன துக்கம் பாதி, உன் மேல் இருந்த வருத்தம் பாதி என்று எனக்குத் தோன்றியது, சாமி இல்லை என்கிறவன் சொல்லி ஒரு காரியம் செய்வதா என்று ஒரு வீம்பு. கருப்பராயனாவது ஒன்றாவது என்று மாமன் ஆரம்பிப்பான், வீட்டுக்குள் சண்டை மூளும், அதிலேயே நேரம் போய்விடும் என்று நான் பயந்தேன். அவன் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போய் ஹக்கீம் ராவுத்தரை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். ராவுத்தர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அந்த நாயை நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேனுங்க கவுண்டரே. அதுதான்னு குரான் மேல கை வெச்சு சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன். அன்னிக்கு இவன்கூட ரயிலேறாம நின்னிருந்தேன்னா இன்னிக்கு உங்க கன்னு போன வழியிலதான் நானும் போயிருப்பேன். அல்லாவை நம்பறதை நான் விடலீங்க. என் கண்ணை நம்பறதைத்தான் கொறைச்சுக்கிட்டேன். அல்லாதான் என்னை அந்த ரயில்ல ஏத்தி விட்டான். உங்க கருப்பராயனும் உங்களை ஏத்தி விட மாட்டானா?" என்றார். பின்னால் நின்ற மாமன் மெதுவாக, "நீங்களேதான் ஓடிவந்து ஏறுனீங்க ராவுத்தரே, நான் பாத்தேன்" என்றான். அந்த நேரத்திலும் ராவுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா எழுந்து என்னிடம் துண்டையும் கருப்பராயன் திருநீற்றுப் பையையும் கேட்டார். மாமன் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "எடுத்துக்குங்க மச்சான். ஊசி போடற எடத்துல மட்டும் பூசாதீங்க" என்று சொன்னான்.

அந்தப் பதினாலு நாளும் மாமன் கடையை அடைத்துவிட்டு உன் அப்பாவோடேயே போய் வந்தான். ஊசி போடும்போது உன் அப்பா அவன் கையைத்தான் பிடித்துக்கொள்வாராம். உன் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, வயிறு கட்டிக்கொண்டது, கைகாலுக்கு ஒன்றும் வரவில்லை. இனிமேல் பயமில்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். நான் கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு உன் அப்பாவை எழுப்பி அனுப்பாமலும் ஒரு நாள் இருக்கவில்லை. இரண்டில் எது காப்பாற்றியது என்று நீ கேட்டால், கன்றுக்கும் சேர்த்துத்தான் நான் வருஷா வருஷம் வேண்டிக்கொள்கிறேன், கன்று போய்விட்டது, அது எனக்கும் தெரிகிறது.

நடுவில் ஒரு நாள் நான் கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது மாமன் வந்து நின்றான். "அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, அவ உசுரும் என் உசுரும் ஒண்ணுங்கறதுக்கு என்ன ஆதாரம்னு. தேடிப் பாத்தனுங்க. இல்லீங்க" என்றான். நான் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டேன். மருந்துக்கு ஆதாரம் இருக்கிறது, நான் பார்க்காவிட்டாலும் எத்தனையோ பேர் போட்டுப் பிழைத்ததை எழுதி வைத்திருக்கிறார்கள், சந்தேகம் என்றால் யாரும் போய்ப் பார்க்கலாம், ஆனால் மனுஷர் எல்லாம் சமம் என்பதை எந்தத் தராசிலும் நிறுத்துக் காட்ட முடியாது, கண்ணால் பார்த்தால் ஒருத்தன் பலசாலி, ஒருத்தன் நோஞ்சான், ஒருத்தன் படித்தவன், எல்லாம் வேறு வேறாகத்தான் இருக்கிறது என்றான். "சாமி உண்டுன்னு நாளைக்கு எவனாச்சும் ஆதாரம் காட்டினா, சரி, இத்தனை நாள் தப்பா நெனைச்சுட்டேன்னு ஒத்துக்குவனுங்க. ஆனா அவ என்னைவிடத் தாழ்த்தின்னு எவன் எந்த ஆதாரத்தைக் கொண்டாந்து காட்டினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அது ஏன்னு எனக்கே தெரியலை" என்றான். அப்படியென்றால் அதுதான் உன் சாமியாடா என்று கேட்டேன், கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். "சாமீங்கறது கும்பிடற சமாச்சாரமுங்க. இது பண்ற சமாச்சாரம். பூசாரி அவன் நம்பிக்கைக்கு என்கிட்டச் சேவலைக் கேக்கறான். என் நம்பிக்கைக்கு நான் என் ஊசியைக் குடுத்தேன். அதுல ஏதோ வித்தியாசம் இருக்குதுங்க்கா" என்றான். இருக்கிறதுதான், ஆனால் வித்தியாசம் இருப்பதனால் ஆதாரம் வந்துவிடாதே என்றேன். "வராதுங்க" என்று ஒத்துக்கொண்டான். அவ்வளவு தெளிவாக ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு அவன் மேல் மதிப்பு கூடித்தான் போயிற்று. அன்றைக்குக் காப்பி முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனான்.

சென்னிமலை, உன்னை மடக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. நீ படித்தவன், எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும். உலைக்களத்தில் மேலே கொதிக்கிற இரும்பு தொங்கும், அதைத் தூக்குகிற கிரேனை ஓட்டுகிறவன் கவனமாக இருப்பான் என்று நம்பித்தான் கீழே நிற்கிறோம் என்று முன்னே ஒரு தடவை எழுதியிருந்தாய். அது பழகிப் பார்த்து வந்த நம்பிக்கை என்று சொல்லுவாய், சரி, அதை ஆதாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆள் கால் தவறினால் நீ ஓடிப்போய்ப் பிடிப்பாய் அல்லவா, பிடிக்கத்தான் வேண்டும் என்று உனக்கு எங்கே எழுதி வைத்திருக்கிறது? யாராவது அளந்து பார்த்துச் சொன்னார்களா? அல்லது அதற்கும் ஒரு ஆதாரம் இருந்து, உன் மாமனுக்குத்தான் அது தெரியவில்லையா? இருந்தால் எழுது, அவனிடம் படித்துக் காட்டுகிறேன், தேடிக்கொண்டுதான் இருக்கிறான். இல்லை என்றால் இல்லை என்று எழுது, அதற்காக நாளைக்கே நீ கருப்பராயனைக் கும்பிட வேண்டும் என்று நான் சொல்ல வரமாட்டேன். ஒன்றிலிருந்து மற்றது வராது என்று எனக்கும் இப்போது தெரிகிறது. எதையும் நம்புவதில்லை என்று எழுதினாயே, அந்த வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை யோசித்துப் பார்.

உன் அப்பாவுக்குக் கடைசி ஊசி போன வாரம் முடிந்தது. வந்து குளித்தார், சாப்பிட்டார், கையைக் கழுவிக்கொண்டே என்னிடம், "சென்னிமலைக்கு எழுதிட்டயா?" என்று கேட்டார். ஐப்பசிக்குப் பிறகு உன் பேரை அன்றைக்குத்தான் அவர் சொல்லிக் கேட்டேன். இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன். "பூசைக்கு வர வேண்டாம்னு எழுது. ஊட்டுக்கு வரட்டும்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "நான் கோயிலுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் அவன் ஆறுமுகம் கடையில உக்காந்திருக்கட்டும். வந்தொடனே சேந்து சாப்புட்டுக்கலாம்" என்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

லீவு கிடைக்கும் என்று நீ எழுதவில்லை. இருந்தாலும் சித்திரைக்கு நீ வருவாய் என்று உன் கட்டிலுக்கு நேற்றுப் புதுக் கயிறு போடச் சொல்லிவிட்டேன். குளிரில் தலைக்குத் துண்டு கட்டாமல் வெளியே போகாதே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே, பதிலை நீளமாக எழுது. நீ நீண்ட ஆயுசோடு, நல்ல மனுஷர்கள் நடுவில், ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன்னைக் காப்பாற்றச் சொல்லி நான் யாரைக் கேட்டுக்கொள்கிறேன் என்பது உனக்குத் தெரியும், அது என்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
வள்ளியாத்தாள்.